கவட்டை எலும்பு: அலபாமா தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்ட 1971

1969 அக்டோபர் 4, பர்மிங்காம் நகரின் லீஜியன் ஃபீல்டு மைதானம். அலபாமா பல்கலைக்கழக அணியும், ஓல் மிஸ் என்று எல்லாரும் கூப்பிடும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியும் மோதிய அமெரிக்க ஃபுட்பால் இரவு ஆட்டம். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பந்தை முதலில் கையில் வாங்கித் தாக்குதலை நடத்தும் ஆளைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். மிசிசிப்பியின் குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மேனிங் எறிந்து 436 யார்டு, ஓடி 104 யார்டு, ஆக மொத்தம் 540 யார்டு எடுத்தார். அலபாமாவின் ஸ்காட் ஹண்டர் 29 தடவை எறிந்து, அதில் 22 பந்துகள் தன் ஆட்களின் கைக்குப் போய், 300 யார்டு சேர்த்தார். கடைசியில் 33-32. ஒரே ஒரு புள்ளியில் அலபாமா ஜெயித்தது.

பார்த்தவர்களுக்குத் தீபாவளி. அலபாமாவின் பயிற்சியாளர் பால் ‘பேர்’ பிரையன்டுக்கு அப்படி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். தற்காப்பை வைத்துப் பெயர் வாங்கிய மனிதர் அவர். 32 புள்ளி விட்டுக்கொடுத்து ஜெயிப்பது கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துவது மாதிரி. பந்தலைப் பிரித்ததும் கணக்கு வந்து நிற்கும்.

வந்தது. அந்த வருடமே டென்னசி 41, ஆபர்ன் 49, பருவம் முடிந்ததும் அழைக்கப்பட்ட அணிகள் ஆடும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான லிபர்ட்டி பௌலில் கொலராடோ 47 என்று அலபாமாவின் மேல் புள்ளிகளைக் குவித்தன. 1961, 1964, 1965 என்று மூன்று தேசியப் பட்டங்கள் எடுத்த அணி 1969-ல் 6 வெற்றி, 5 தோல்வி. 1970-ல் 6 வெற்றி, 5 தோல்வி, ஒரு சமன். பிரையன்ட் காலாவதியாகிவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது.

1971 கோடையில் பிரையன்ட் எடுத்த முடிவைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. ஒரு கல்லூரி அணி தன் தாக்குதல் கொள்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவருடைய உண்மையான நோய் தாக்குதலில் இல்லை.

என்ன கெட்டுப்போயிருந்தது

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். முன்னேற இரண்டு வழி: பந்தோடு ஓடலாம், அல்லது முன்னால் ஓடும் ஆளுக்கு எறியலாம். தாக்குதலுக்கு ஒரு பதினொரு பேர், தற்காப்புக்கு வேறு பதினொரு பேர். ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் எவ்வளவு பங்கு, யாரை நம்பி, எந்த வடிவில் ஆட்களை நிறுத்தி என்பதுதான் தாக்குதல் கொள்கை.

தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி ஆட்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் விதி 1960-களின் நடுவில் வந்தது. அதற்கு முன் ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். பிரையன்டின் பழைய அணிகள் அதற்கென்றே செய்தவை: சின்ன உருவம், வேகமான கால்கள், மூச்சு வாங்காத உடம்பு. விதி மாறியதும் எதிரணிகள் பெரிய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின.

இன்னொரு காரணம் வெட்கக்கேடானது. அலபாமா 1970 வரை ஒரு கறுப்பின மாணவரைக்கூட உதவித்தொகை கொடுத்து அணியில் சேர்க்கவில்லை. 1970 செப்டம்பரில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பர்மிங்காமுக்கு வந்து 42-21 என்று அடித்துவிட்டுப் போனது. குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று பந்தோடு ஓடும் ஃபுல்பேக்காக ஆடிய கறுப்பினத்தவர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் போட்டார், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார். அந்த ஒரு இரவுதான் அலபாமாவின் கதவைத் திறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அதற்கு முன்பே உதவித்தொகையோடு சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி என்பதால் அவர் களத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, நோயின் பட்டியலில் உடல்வாகு, ஆள்சேர்ப்பு, தற்காப்பின் ஓட்டை எல்லாம் இருந்தன. தாக்குதல் மட்டும் பார்க்க அழகாகவே இருந்தது. ஹண்டர் எறிந்துகொண்டே இருந்தார், புள்ளிகளும் வந்தன. அந்த அழகான தாக்குதலைத்தான் பிரையன்ட் தூக்கி எறிந்தார்.

கையில் இருந்த ஆட்கள்

1970 டிசம்பர் 31-ல் ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோ-புளூபானட் பௌல் ஆட்டத்தில் அலபாமாவும் ஓக்லஹோமாவும் 24-24 என்று சமனில் முடித்தன. ஓக்லஹோமா அந்தப் பருவத்தின் நடுவில்தான் தன் முறையை மாற்றியிருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் என்ற துணைப் பயிற்சியாளர் வரைந்து, தலைமைப் பயிற்சியாளர் டாரல் ராயல் 1968-ல் களத்தில் இறக்கிய விஷ்போன் முறை அது. டெக்சாஸின் முதல் இரண்டு ஆட்டங்கள் ஒரு சமன், ஒரு தோல்வி. ராயல் குவார்ட்டர்பேக்கை மாற்றி ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் கொண்டுவந்தார், முறையை மாற்றவில்லை. அடுத்து 30 ஆட்டங்கள் தொடர்ச்சியாக வெற்றி. இதைப் பிரையன்ட் தூரத்திலிருந்து கேள்விப்பட்டிருப்பார். ஹூஸ்டனில் எதிரே நின்று வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஹண்டர் படிப்பை முடித்துவிட்டார். இன்னொரு எறியும் குவார்ட்டர்பேக்கை வளர்த்து அதே முறையில் தொடரலாம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் ஆடிய வீர் முறையை எடுக்கலாம். அதிலும் மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்று ஆட்டத்தின் நடுவிலேயே முடிவுசெய்யும் மூன்று வழி ஓட்டம் உண்டு, ஆனால் பின்னால் இரண்டே ஆட்கள்தான் நிற்பார்கள், எறிதலுக்கும் இடம் இருக்கும். இல்லையென்றால் முழுசாக விஷ்போன்.

முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எதுவும் எதையும்விட உயர்வில்லை. ஆட்களைப் பார்த்தால்தான் பதில் தெரிகிறது. ஹண்டருக்குப் பிறகு வரிசையில் நின்ற டெர்ரி டேவிஸ் எறிவதில் சுமார், ஓட்டத்தில் கெட்டி, தலை குளிர்ந்தவர். ஜானி முசோ என்ற ஹாஃப்பேக், அதாவது பின்வரிசை ஓட்டக்காரர், 1970-லேயே ஆயிரம் யார்டைத் தாண்டி ஓடியவர். முன்வரிசையில் ஜான் ஹானா; பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்துக்குப் போன ஆள். எறியத் தெரியாத குவார்ட்டர்பேக், ஓடத் தெரிந்த பின்வரிசை, தள்ளத் தெரிந்த முன்வரிசை. இந்த மளிகையை வைத்துக்கொண்டு பிரியாணி செய்ய ஆசைப்பட்டால் பசியோடுதான் படுக்க வேண்டும்.

கவட்டையின் கணக்கு

விஷ்போன் என்றால் கோழி நெஞ்சில் இருக்கும் கவட்டை எலும்பு. உண்டிவில்லுக்கு வெட்டும் கவட்டைக் கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் காம்பின் நுனி, அவருக்கு நேர் பின்னால் ஃபுல்பேக், அவருக்கும் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு ஹாஃப்பேக்குகள்.

ஒரு ஆட்டத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். வலப்பக்கம் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும் ஃபுல்பேக் முன்னால் பாய்கிறார். குவார்ட்டர்பேக் பந்தை அவர் வயிற்றில் வைக்கிறார், ஆனால் விடுவதில்லை. அந்த அரை நொடியில் ஒரே பந்தின் மேல் நான்கு கைகள். குவார்ட்டர்பேக்கின் கண் பந்தில் இருக்காது. எதிரணி முன்வரிசையில் குறிப்பிட்ட ஒருவர் மேல் இருக்கும். அந்த ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்க மாட்டார்கள். அவர் ஃபுல்பேக்கைப் பிடிக்க உள்ளே வந்தால், குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். வராமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கு.

வெளியே ஓடினால் இரண்டாவது ஆள் காத்திருப்பார். அவரையும் யாரும் தடுப்பதில்லை. அவர் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால், கூடவே ஓடிவரும் ஹாஃப்பேக்குக்குப் பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட வேண்டும். பாயாமல் ஹாஃப்பேக்கைக் காவல் காத்தால், குவார்ட்டர்பேக்கே உள்பக்கம் வெட்டி ஓட வேண்டும். மற்ற ஹாஃப்பேக் இதற்குள் முன்னால் போய் மூன்றாவது ஆளை இடித்துத் தள்ளியிருப்பார்.

விஷயம் எளிய கழித்தல்தான். சாதாரண முறையில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். தாக்குதலில் ஒரு ஆள் குறைவு. இங்கே தற்காப்பின் இரண்டு பேரைத் தொடாமலேயே செல்லாக்காசாக்கிவிடுகிறார்கள். அவர்களைத் தடுத்திருக்க வேண்டிய இரண்டு பேர் வேறு யாரையாவது தடுக்கப் போய்விடுவார்கள். எதிராளி எவ்வளவு பெரிய உருவம் என்பதும் முக்கியமில்லாமல் போகிறது, அவரை யாரும் தள்ளப்போவதே இல்லையே. சின்ன, வேகமான ஆட்களை விரும்பிய பிரையன்டுக்கு இது எவ்வளவு இனித்திருக்கும்!

விலையும் உண்டு. நான்கு கை ஒரு பந்தைப் பிடித்தால் பந்து நழுவும். பக்கவாட்டில் தட்டும்போது தரையில் விழும். குவார்ட்டர்பேக் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவார். இதைச் சரியாகச் செய்ய ஆயிரக்கணக்கான தடவை அதையே செய்ய வேண்டும். அப்புறம் எறிதலைப் பழக நேரம் மிஞ்சாது. விஷ்போனில் பாதி, எறிதலில் பாதி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் அரைவேக்காடு.

ஒரு மாதத்தில்

இந்தக் கதையில் எனக்கு இன்றும் மலைப்பைத் தருவது தேதிகள்தான். வசந்தகாலப் பயிற்சி முழுவதும் அலபாமா பழைய முறையில்தான் ஆடியது. கோடையில் பிரையன்ட் டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போனார், ராயலோடு உட்கார்ந்து படச்சுருள்களைப் பார்த்தார். முதல் ஆட்டம் செப்டம்பர் 10. எதிரணி வேறு யாருமில்லை, தெற்குக் கலிஃபோர்னியாவேதான். இந்தத் தடவை அவர்கள் ஊர் லாஸ் ஏஞ்சலஸில். பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதுதான் தன் துணைப் பயிற்சியாளர்களிடம் சொன்னார்: இனி இதுதான், திரும்பிப் போகும் பேச்சே இல்லை.

அவர்களில் பலர் வாழ்க்கையில் இந்த முறையைக் கற்பித்ததே இல்லை. குவார்ட்டர்பேக்குகளைப் பழக்கிய மால் மூர் தானும் கற்றுக்கொண்டே கற்பித்தார். பயிற்சி மைதானத்தின் வேலியைத் துணி கட்டி மறைத்தார்கள். அலபாமா இருந்த தென்கிழக்கு மாநாடு என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் அணிகளை வரிசையாகப் பார்வையிடும் பத்திரிகையாளர்கள் வந்த அன்று பழைய முறையை ஆடிக்காட்டி அனுப்பிவைத்தார்கள். ரகசியத்தின் லாபம் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான்; அதற்கப்புறம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஓர் ஆட்டம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. புது முறையைக் கற்கும் பையன்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வர வேண்டும். முதல் நாளே அடி வாங்கினால் அடுத்த வாரம் குவார்ட்டர்பேக்கின் கை நடுங்கும்.

அலபாமா 17-10 என்று ஜெயித்தது. முசோ இரண்டு டச்டவுன். அலபாமாவுக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஜான் மிட்செல் அன்று தற்காப்பு முன்வரிசையில் ஆடினார். பிரையன்டுக்கு 58 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. அது அவருடைய 200-வது வெற்றி.

நினைத்துப் பாருங்கள். 199 வெற்றியும் மூன்று தேசியப் பட்டமும் கையில் இருக்கும் ஒருவர், வேறொருவரின் மாணவராகப் போய் உட்கார்ந்து, முப்பது நாளில் தன் கடையின் சரக்கையே மாற்றுகிறார். தோற்றுக்கொண்டிருக்கும் இளம் பயிற்சியாளர்கள் செய்வார்கள். இந்த வயதில், இந்தப் பெயரோடு செய்பவர்கள் குறைவு.

எண்கள் சொல்வது

1971-ல் அலபாமா வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் ஆபர்னும் தோற்காமல் வந்திருந்தது. அதன் குவார்ட்டர்பேக் பேட் சல்லிவன் அந்த வாரம்தான் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றிருந்தார். எறியும் அணிக்கும் ஓடும் அணிக்கும் நேருக்கு நேர் பரீட்சை. அலபாமா 31, ஆபர்ன் 7.

எல்லாரும் தாக்குதல் மாறியதையே பேசுகிறார்கள். ஸ்கோர்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 1970-ன் 11 வழக்கமான ஆட்டங்களில் அலபாமா எடுத்தது 310 புள்ளிகள்; 1971-ல் 362. ஆட்டத்துக்கு ஐந்து புள்ளிகூடக் கூடவில்லை. விட்டுக்கொடுத்த கணக்குக்கு வாருங்கள். 1970-ல் 240. 1971-ல் 84.

தாக்குதலை மாற்றினார்கள், தற்காப்பு குணமானது. இதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைக்கிறேன். ஓடும் அணியின் கையில் பந்து இருக்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிதல் தவறினால் கடிகாரம் நின்றுவிடும். மூன்று தடவை எறிந்து தவறினால் ஒரு நிமிடத்துக்குள் தற்காப்பு மறுபடி களத்தில். எட்டு நிமிடம் நகர்ந்து நகர்ந்து ஓடினால் தற்காப்பு பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும், எதிரணியின் மேனிங்கோ சல்லிவனோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள்.

முழுப் பெருமையையும் விஷ்போனுக்கே எழுதிவைக்க முடியாது. மிட்செல் போன்றவர்கள் அதே வருடம்தான் வந்தார்கள். தற்காப்பின் இளம் ஆட்கள் ஒரு வயது முதிர்ந்திருந்தார்கள். இரண்டு மருந்தை ஒரே நாளில் கொடுத்தால் எது கேட்டது என்று எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. அடுத்த வருடங்களில் இரண்டும் பின்னிப்போயின. எறிந்த பந்தைப் பிடிக்கும் ஆளாகச் சேர்க்கப்பட்ட வில்பர் ஜாக்சன் விஷ்போனில் ஹாஃப்பேக் ஆகி, 1974-ல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார்.

1971 முதல் 1979 வரை ஒன்பது பருவங்களில் 97 வெற்றி, 11 தோல்வி. தென்கிழக்கு மாநாட்டுப் பட்டம் எட்டு தடவை. 1976-ல் மட்டும் தவறியது. 1973 அக்டோபரில் வர்ஜீனியா டெக் அணியை 77-6 என்று வென்றபோது ஓட்டத்தில் மட்டும் 743 யார்டு. ஒரே ஆட்டத்தில் நான்கு பேர் ஆளுக்கு நூறைத் தாண்டினார்கள். இது கொஞ்சம் கொடுமைதான்.

எறிதலும் சாகவில்லை. 1974 முதல் 1977 வரை ஆடிய ஆஸி நியூசம் நான்கு வருடத்தில் 102 பந்துகளைத்தான் பிடித்தார், ஆனால் 2,070 யார்டு. ஒரு பந்துக்கு இருபது யார்டுக்கு மேல். எதிரணியின் கடைசிக் காவல்காரர்கூட ஓட்டத்தைத் தடுக்க ஓடிவந்துகொண்டிருந்தால் நியூசம் தலைக்குமேல் யார் இருப்பார்கள்? அரிதாக எறிந்ததால்தான் எறிந்தபோதெல்லாம் அது இடியாக விழுந்தது.

பின்தங்கும்போது

1972 ஜனவரி 1, ஆரஞ்ச் பௌல். தோல்வியே காணாத அலபாமாவும் தோல்வியே காணாத நெப்ராஸ்காவும். அரைநேரத்தில் 28-0, கடைசியில் 38-6. விஷ்போனின் பலவீனம் பட்டப்பகலில் தெரிந்தது. இரண்டு டச்டவுன் பின்தங்கிவிட்டால் கடிகாரத்தை ஓட்டும் முறையே கழுத்தில் கல்லாகிவிடும். எறிந்து துரத்தப் பழகவில்லை. பழகாமலிருக்கத்தான் இந்த முறையையே எடுத்தார்கள்.

அடுத்த வருடம் பருத்திக் கிண்ணம் என்று பொருள்படும் காட்டன் பௌலில் எதிரே வந்தது டெக்சாஸ். குருவும் சிஷ்யனும். டெக்சாஸ் 17-13 என்று ஜெயித்தது. ராயல் இந்த விஷயத்தில் தாராளமானவர். ஓக்லஹோமாவுக்கும் உதவ மறுக்கவில்லை. பலன், 1971-ல் ஓக்லஹோமா அதே விஷ்போனை வைத்து டெக்சாஸை 48-27 என்று அடித்தது.

1967 தொடங்கி எட்டு வருடங்கள் பிரையன்ட் ஒரு பௌல் ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. ஏழு தோல்வி, ஒரு சமன். அதில் பாதி விஷ்போன் வருடங்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம் இருக்கும்போது எதிரணிக்கு இந்த விநோத முறையைப் படிக்க ஐந்து நாள்தான் கிடைக்கும். பௌலுக்கு முன்னால் ஒரு மாதம் கிடைக்கிறது. அபூர்வ முறையின் லாபத்தில் ஒரு பங்கு எதிராளியின் அவசரத்திலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. 1975 கடைசி நாளில் பென் ஸ்டேட்டை 13-6 என்று வென்றபோதுதான் அந்தச் சாபம் தீர்ந்தது. அப்புறம் 1978-லும் 1979-லும் தேசியப் பட்டங்கள். 1978-ஐ முடிவுசெய்த சுகர் பௌல் ஆட்டத்தில் எல்லாரும் நினைவுவைத்திருப்பது விஷ்போன் ஓட்டம் எதையும் இல்லை. பென் ஸ்டேட் கோட்டுக்கு ஓரடிக்கும் குறைவான தூரத்தில் நின்றபோது அலபாமாவின் தற்காப்பு நான்காவது வாய்ப்பில் சுவராக நின்றதைத்தான். 14-7.

இந்த முறைக்கு ஆட்களும் நிறைய வேண்டும். பின்வரிசையில் மூன்று ஓட்டக்காரர்கள், ஓயாமல் அடிபடும் குவார்ட்டர்பேக், எல்லாருக்கும் மாற்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973-ல்தான் ஓர் அணிக்கு 105 உதவித்தொகை என்று வரம்பு போட்டது. 1978-ல் அது 95 ஆனது. 1971-ன் பிரையன்டுக்கு அந்தக் கவலை இல்லை. இதையே ஒரு சின்னக் கல்லூரி அப்படியே பார்த்து எழுதினால் அக்டோபருக்குள் ஓட ஆளிருக்காது.

பிரையன்ட் 1982 பருவத்தோடு ஓய்வு பெற்றார், 323 வெற்றிகளோடு. 1983 ஜனவரி 26-ல் இறந்துபோனார். அடுத்து வந்தவர் ரே பெர்கின்ஸ். 1960-களில் பிரையன்டிடமே பந்து பிடிக்கும் ஆளாக ஆடியவர், தொழில்முறை அணியொன்றின் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் விஷ்போனை எடுத்துவிட்டு எறிதலுக்கு இடம் தரும் தொழில்முறைப் பாணியைக் கொண்டுவந்தார். மாற்றக்கூடாது என்றில்லை, பிரையன்டும் மாற்றியவர்தானே. முதல் வருடம் 8 வெற்றி, 4 தோல்வி. இரண்டாம் வருடம் 1984-ல் 5 வெற்றி, 6 தோல்வி. அலபாமா 1957-க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாகக் கண்ட முதல் பருவம் அது. பிரையன்ட் மேலே நின்று பயிற்சியைப் பார்த்துவந்த கோபுரத்தையும் பெர்கின்ஸ் மைதானத்திலிருந்து அகற்றியிருந்தார். ஊர்க்காரர்கள் அதிகம் கோபப்பட்டது விஷ்போனுக்கா கோபுரத்துக்கா என்று கேட்டால், கோபுரத்துக்குத்தான் என்பேன்.